மூன்றாவது பெயர்

ஏழாயிரம்பண்ணை
17.7.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. தலைமுடியும் வெட்டவில்லை. நீ போனை வைத்த பிறகு, "சாமியாராட்டம் இருக்கானேட்டி" என்று அம்மா வெகுநேரம் புலம்பினாள்.

ஏன் மெயிலில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். நீ கூப்பிட்டாலே "ஸ்பீக்கர்ல போடு" என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். நான் கேட்கப்போவது இப்போதைக்கு அவள் காதில் விழ வேண்டாம். காலேஜ் லேபில் மதிய இடைவேளையில் இதைத் தட்டுகிறேன். நீயும் இங்கேயே பதில் போடு.

விஷயம் இதுதான். எம்.எஸ்சி. இந்த வருடத்தோடு முடிகிறது. எனக்கும் உன்னைப் போல கம்ப்யூட்டரில் பிஎச்.டி. செய்ய வேண்டும். அம்மாவோ ஆமத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் விசாரித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சீட்டு ஒன்று கையில் இருந்தால்தான் அவளிடம் நான் வாயைத் திறக்க முடியும். வெறுங்கையோடு "படிக்கப் போறேன்" என்றால் அடுத்த வைகாசியில் நான் ஆமத்தூரில் சாணம் அள்ளிக்கொண்டிருப்பேன்.

எப்படி விண்ணப்பிப்பது, எதைப் படிப்பது, எந்த மாதிரி இடம் நல்லது, எல்லாம் எழுது. சீசன் தொடங்கிவிட்டது. விடியுமுன்பே வேன் ஹாரன் அடிக்கிறது. லீவு நாளில் நானும் அம்மாவோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய் பெட்டி ஒட்டுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
செல்வி

ஹாஸ்டல்
6.8.2023

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். முடி வெட்டிவிட்டேன், அம்மாவிடம் சொல்லிவிடு. ஒத்தடத்தோடு விடாமல் சாத்தூரில் டாக்டரிடமும் காட்டு. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. பருப்பு என்று ஒன்று ஊற்றுகிறார்கள், நானும் நம்பிச் சாப்பிடுகிறேன்.

முதல் அறிவுரை: வராதே. இதை நான் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இனி உன் இஷ்டம்.

வருவதென்றால், இடத்தைப் பார்த்துச் சேராதே, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடைப் பார்த்துச் சேர். அவர் எத்தனை பரிசு வாங்கினார் என்று பார்க்காதே. அவரிடம் சேர்ந்தவர்கள் முடித்தார்களா, முடித்தவர்கள் டீக்கடையில் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேள். என் கைடின் ரூமுக்கு வெளியே நாங்கள் செருப்பைக் கழற்றுவதில்லை, அது ஒன்றுதான் பாக்கி. இன்னொன்று, வேலை செய்தவர் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வருமா என்று முதல் நாளே கேட்டுவிடு. என் முதல் கட்டுரையில் எழுத்தெல்லாம் என்னுடையது, என் பெயர் கடைசியில் இருந்தது. யாரிடம் போய் அழுவது?

என் வேலையை உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமில் வெடித்தால் தீயும் காற்றழுத்தமும் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகும் என்று கணக்குப் போடுகிறேன். ஒரே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஓடும். அதனால் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி பல புராசஸர்களுக்குக் கொடுக்கிறேன். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இதற்கு நம் பக்கத்துக் கம்பெனிகளின் லைசென்ஸ் வரைபடம்தான் என்னிடம் இருக்கிறது. அதில் ரூமுக்கு நாலு பேர், ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே காலி இடம். நம் அம்மா பெற்ற பிள்ளைகளுக்கு அது பொய் என்று தெரியாதா? லீவு நாளில் போகிறாய் அல்லவா, உண்மையில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்து வரைந்து அனுப்பு. எனக்கு ஃபெலோஷிப் முடியப்போகிறது. இது இல்லாமல் தீசிஸ் நகராது.

அன்புடன்,
புகழேந்தி

ஏழாயிரம்பண்ணை
3.9.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ முடி வெட்டிய செய்தி வேன் முழுக்கப் போய்விட்டது. வராதே என்று தொடங்கி வழியையும் காட்டியிருக்கிறாய், அதற்கு நன்றி.

நீ கேட்டதை வரைந்து இணைத்திருக்கிறேன். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் கண்ணால் பார்த்து, வீட்டுக்கு வந்துதான் வரைந்தேன். ஒவ்வொரு ரூம் வாசலிலும் நாலு பேர் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. அம்மா பேன்சி வெடி செய்யும் பேன்சி ரூமில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆள். அங்கேயும் இடம் போதாதவர்கள் கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்துத் திரி வைக்கிறார்கள். காயப்போடும் மேடை நிறைந்துபோய், ரூம்களுக்கு நடுவிலும் சரக்கு கிடக்கிறது. உன் வரைபடத்தில் காலி என்று போட்டிருக்கும் இடமெல்லாம் சரக்குதான். மேற்கே மூன்று ரூம்கள் மட்டும் வெள்ளையடித்து, பெருக்கி, பூட்டிக் கிடக்கின்றன. ஆபீசர்கள் வந்தால் காட்டுவதற்கு.

நான் போன அன்றே செக்கிங் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ போன் பண்ணிவிடுவார்களாம். போர்மேன் கருப்பணன் விசில் அடித்ததும் கூடுதலாக இருந்தவர்கள் எழுந்து பின்வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். முள்ளுக்கு நடுவில் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். "ஆபீசருக வந்தாத்தான் நமக்கு நேரா நேரத்துக்குக் கஞ்சி. தெனமும் வந்தாகன்னா ஒடம்பு தேறிரும்" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அத்தை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கருப்பணன் கவனித்துவிட்டார். "என்னத்தா, எதையோ தொலைச்சவ மாதிரி பாக்குத?" என்றார். "எங்கண்ணன் படிப்புக்கு" என்றேன். "புகழு படிப்புக்கா? நல்லாப் பாத்துக்கோ தாயி" என்று அவரே கூட்டிப்போய் மருந்து கலக்கும் ரூம் வரை காட்டினார்.

பாசமுள்ள தங்கை,
செல்வி

ஹாஸ்டல்
24.9.2023

அன்புள்ள செல்விக்கு,

நலம். இங்கே இன்னும் மழை விடவில்லை. அங்கே வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் வந்ததா?

உன் வரைபடத்தைக் கணக்கில் ஏற்றினேன். லைசென்ஸ் வரைபடத்தில் தீ ஒரு ரூமோடு நின்றுவிடும். உன்னுடையதில் எங்கும் நிற்கவில்லை. சரக்கைப் பிடித்துக்கொண்டே போய் வேப்பமரத்தைத் தாண்டியது. அம்மா எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்பதால் முழுதாகப் பார்க்க முடியாமல் ஸ்கிரீனை அணைத்துவிட்டேன். அந்த ரூமில் உட்கார வேண்டாம் என்று அவளிடம் சொல்லிப் பார்.

ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்திருக்கிறது. ஒரு ரூமுக்கு ஒரு புராசஸர் என்று பிரித்திருந்தேன். மருந்து இருக்கும் இடத்தில்தான் கணக்கு அதிகம், வெறும் காற்றுக்கு ஒன்றுமில்லை. கணக்கின் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துப் புராசஸரிடம் எல்லை நிலவரத்தைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்க முடியும். பேன்சி ரூமைப் பார்க்கும் புராசஸர் மாடு மாதிரி உழைக்கிறது, மற்றதெல்லாம் அதன் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. சூப்பர் கம்ப்யூட்டரில் எங்கள் லேபுக்குக் கொடுத்த நேரமெல்லாம் கரைகிறது. "இதைச் சரிசெய்ய முடியாவிட்டால் ஃபெலோஷிப் நீட்டிப்புக்குக் கையெழுத்துக் கேட்டு வராதே" என்று கைடு சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
புகழேந்தி

ஏழாயிரம்பண்ணை
8.10.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்றுதான் கவலை. அணையில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

அம்மாவிடம் சொன்னேன். "அங்கன உக்காரலன்னா பேன்சிக் கூலி கிடைக்காதுட்டி. ஒங்கண்ணன் கணக்குல அதயும் போட்டானா?" என்று கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

உன் தொல்லைக்கு ஒரு யோசனை. நீ சுவரை வைத்துப் பிரிக்கிறாய். கருப்பணன் அப்படிச் செய்வதில்லை. காலையில் சரக்கைப் பார்ப்பார். எங்கே அதிகமோ அங்கே ஆளை இறக்குவார். மத்தியானம் சரக்கு நகர்ந்தால் ஆளையும் நகர்த்துவார். ரூம் அவருக்குக் கணக்கே இல்லை. நீயும் சுவரை விட்டுவிட்டுச் சரக்கை வைத்துப் பிரி. இரண்டு பக்கமும் சரக்கு சமமாக வரும்படி முதலில் ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு பாதியிலும் அதே மாதிரி ஒரு கோடு. இப்படியே வெட்டிக்கொண்டு போனால் எல்லாப் புராசஸருக்கும் சமமான வேலை வரும். தீ நகர நகர மறுபடி வெட்ட வேண்டும். அதற்குப் புரோகிராம் எழுதி, லேபில் எட்டு கம்ப்யூட்டரை இணைத்து ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. மறுபடி வெட்டும்போது கோட்டின் ஓரத்துக் கட்டங்கள் இரண்டு தடவை எண்ணப்பட்டன. அதைக் கண்டுபிடிக்கத்தான் உயிர் போய்விட்டது. இணைத்திருக்கிறேன், பார்.

சரியாக வந்தால் கட்டுரையில் என் பெயரை எப்படிப் போடுவாய்? அப்பா ஊர்க்காவலன் பெயரையும் முழுசாகப் போடு. உயிரோடு இருந்திருந்தால் தெருத்தெருவாகக் காட்டியிருப்பார்.

உன் தங்கை,
செல்வி

ஹாஸ்டல்
28.12.2023

அன்புள்ள செல்விக்கு,

பதில் எழுத மிகவும் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. தீபாவளிக்கு வர முடியாததற்கு அம்மா இன்னும் வருத்தமாக இருக்கிறாளா? இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. பகலிலும் பனிமூட்டம். மெஸ்ஸில் மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. ரூம்மேட் கம்பளி ஒன்று கொடுத்தான், நல்ல பையன்.

உன் புரோகிராம் பிரமாதம். ராத்திரி முழுக்க ஓடியது இப்போது டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. கைடுக்கு ரொம்பத் திருப்தி. கட்டுரையை அனுப்பிவிட்டோம். எனக்கு ஒரு வருட நீட்டிப்புக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இனி உன் விண்ணப்பத்தைப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனம் உனக்குப் பொருத்தம். விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க உரையில் "சிறு வயது முதலே ஆர்வம்" என்று எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இன்டர்வியூவில் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிக்காதே. உன் கையால் செய்த வேலை ஒன்றை எடுத்து, எங்கே தடுக்கியது, எப்படிச் சரிசெய்தாய் என்று சொல். அவர்களுக்கு வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
புகழேந்தி

ஏழாயிரம்பண்ணை
20.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் பங்குக் கரும்பை நானே தின்றேன். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது.

சென்னைக்கு விண்ணப்பித்துவிட்டேன், அதையும் கட்டுரையையும் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம் வேலையைப் பற்றித்தான் நோக்க உரை எழுதினேன். அம்மா வேனில் எல்லாரிடமும், "எம் புள்ளைக ரெண்டும் சேந்து எழுதுனது அச்சுல வரப்போகுது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆமத்தூர்க்காரர்களிடமும் அதையே சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறாள். நான் பெயரைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவே இல்லையே? அவசரத்தில் மறந்திருப்பாய்.

செல்வி

ஹாஸ்டல்
3.3.2024

அன்புள்ள செல்விக்கு,

நலம், நலமே விளைக. குளிர் விட்டுவிட்டது.

கட்டுரை வந்துவிட்டது. அதை இப்போது அனுப்ப முடியவில்லை, நூலகத்தின் வழியாகத்தான் எடுக்க முடியும், ஏதோ அனுமதிச் சிக்கல். பிறகு அனுப்புகிறேன். கம்பெனியின் பெயரோ ஊரின் பெயரோ அதில் கிடையாது, அதனால் யாருக்கும் தொந்தரவு வராது. பத்திரிகைக்காரர் ஒருவர் கைடிடம் பேசிக்கொண்டிருந்தார். அதெல்லாம் வழக்கம்தான்.

நீ இன்டர்வியூவுக்கு லீனியர் அல்ஜிப்ராவை மறுபடி பார். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு என் அன்பு.

புகழேந்தி

ஏழாயிரம்பண்ணை
28.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

பேப்பரில் செய்தி வந்தது. நீ சொன்னபடி பெயர் எதுவும் போடவில்லை. படம் போட்டிருந்தார்கள். கிணறு, அதன் பக்கத்தில் வேப்பமரம், மேற்கே பூட்டிய மூன்று ரூம்கள். நான் வரைந்த படம் அண்ணே, நான் வரைந்தபடியே. நம் ஊரில் சின்னப் பிள்ளைகூட எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடும். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வராமலேயே ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். சீல் வைத்தாயிற்று. கருப்பணன்தான் கூட்டிப்போய்க் காட்டினார் என்று முதலாளிக்குத் தெரிந்து அவரை விரட்டிவிட்டார்கள். வேறு கம்பெனியிலும் அவரைச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். நேற்றுக் கடையில் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. "படிப்புக்குன்னுதானத்தா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

வெள்ளைத்தாய் அத்தை திட்டினாள். வாசலில் நின்று, "ஏட்டி, கூட உக்காந்து கஞ்சி குடிச்சிட்டு எங்க வவுத்துலயா அடிச்ச? ஒங்களுக்குப் படிப்பு, எங்களுக்கு மண்ணா?" என்று மண்ணை வாரி இறைத்தாள். அம்மா பதிலுக்கு, "எம் புள்ளைக பொய் எழுதல. அங்கன நடந்ததத்தான் எழுதிருக்காக" என்று கத்தினாள். அம்மாவுக்கும் வேலை இல்லை. நாலைந்து வீடுகளில் மருந்தை வாங்கி வந்து அடுப்படியிலேயே திரி வைக்கிறார்கள். நாலு பேர் ரூமில் ஒன்பது பேர் இருந்தது தப்பு என்று எழுதினோம். இப்போது வீட்டில் பிள்ளை தூங்கும் பாய்க்குப் பக்கத்தில் மருந்து இருக்கிறது. இதற்கு உன் கணக்கு என்ன சொல்லும்?

எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. தீ போகும் வழி உண்மை. ஆனால் இவ்வளவுக்கும் பிறகு எனக்கு அந்தச் சீட்டு கிடைத்தே ஆக வேண்டும். இந்தத் தெருவில் இனி என்னால் நடமாட முடியாது. இன்டர்வியூ மே இருபதாம் தேதி. கட்டுரையை அதற்குள் அனுப்பு, கையில் கொண்டுபோக வேண்டும்.

செல்வி

ஏழாயிரம்பண்ணை
2.6.2024

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். "அவனுக்கு வேல சாஸ்தி" என்று அவள் உனக்காகப் பரிந்து பேசுகிறாள்.

இன்டர்வியூவுக்குப் போனேன். நீ சொன்னபடியே செய்தேன். புத்தகத்தை ஒப்பிக்கவில்லை. சுவரை விட்டுச் சரக்கை வைத்து எப்படிப் பிரித்தேன், ஓரத்துக் கட்டம் இரண்டு தடவை எண்ணப்பட்டதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். ஐந்து பேரும் கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. அப்போது ஒருவர் உன் கட்டுரையை எடுத்து மேஜையில் வைத்தார். அவர்கள் அதை ஏற்கனவே படித்திருக்கிறார்கள். "இது நீங்கள் செய்தது என்கிறீர்கள். இதில் உங்கள் பெயர் இல்லையே?" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். மூன்று பெயர்கள். உன் கைடு, நீ, மூன்றாவதாக யாரோ மணிகண்டராஜ். நன்றி கூறும் இடத்தில் இருக்கும் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் மையத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அங்கிருந்த அம்மையார் ஒருவர் மெதுவாக, "உங்கள் அண்ணனா? அண்ணன் வேலையை நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறீர்கள். ஆனால் அதைத் தன் வேலை என்று சொல்வது சரியில்லை அம்மா" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஆனால் அவர் பரிதாபப்பட்டார். கட்டுரையின் முதல் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தேர்வாகவில்லை என்று நேற்று மெயில் வந்தது.

வேலை செய்தவர் பெயர் வருமா என்று முதல் நாளே கேட்கச் சொன்னாய். கேட்டேனே அண்ணே. இரண்டு தடவை கேட்டேன். அந்த வேலையை இவள்தான் செய்தாள் என்று அவர்களுக்கு ஒரே ஒரு வரி எழுது. மறுபரிசீலனைக்கு இந்த மாதம் முடியும் வரை நேரம் இருக்கிறது. ஒரு வரி போதும்.

செல்வி

ஹாஸ்டல்
14.7.2024

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். தீசிஸைக் கொடுத்துவிட்டு வைவாவுக்குத் தயாராகும் வேலையில் மெயிலைப் பார்க்கவே முடியவில்லை. பார்த்தபோது தேதி தாண்டியிருந்தது.

நீ ஆத்திரத்தில் இருப்பாய். நிதானமாகப் படி. உன் பெயர் வந்திருந்தால் ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாயா? உன் பாதுகாப்பையும் நான் பார்க்க வேண்டியிருந்தது. அது போக, நிறுவனத்துக்கு வெளியே இருப்பவர் பெயரைச் சேர்ப்பதில் கைடுக்கு விருப்பமில்லை. "தங்கை பெயரைப் போட்டால் குடும்பக் கட்டுரை என்பார்கள்" என்றார். நீட்டிப்புத் தாள் அவர் மேஜையில் இருந்தது. எங்கள் லேப் மணிகண்டராஜ் படங்களை வண்ணம் போட்டு ஒழுங்கு செய்தான், அவனுக்கும் ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. இந்த உலகம் எப்படி நடக்கிறது என்று நான் முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதினேன். இப்போது நான் ஒரு வரி எழுதினால் கட்டுரையையே திரும்பப் பெறச் சொல்வார்கள். என் ஆறு வருடம் போய்விடும். அது உனக்குச் சந்தோஷமா?

உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். தீசிஸ் நன்றியுரையில் உன்னைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். "அன்பும் பொறுமையும் தந்த என் தங்கை செல்வலட்சுமிக்கு" என்று. அடுத்த வருடம் விண்ணப்பி, என் கைடிடமே பேசிப் பார்க்கிறேன். வைவா இந்த மாதக் கடைசியில். தீபாவளிக்கு டாக்டர் புகழேந்தியாக வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அண்ணன்

ஏழாயிரம்பண்ணை
11.8.2024

அண்ணனுக்கு,

வைவா நல்லபடியாக முடிந்ததாக அம்மா சொன்னாள். தெருவில் சர்க்கரை கொடுத்தாள். வெள்ளைத்தாய் அத்தை வாங்கிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அம்மா இப்போது வெம்பக்கோட்டைக்கு அந்தப்பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போகிறாள். முழங்காலோடு இரண்டு வேன் மாற வேண்டும். அங்கேயும் பேன்சி ரூம்தான். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

ஆமத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்த பெண்ணாம் நான். அந்த ஒன்றுக்கு மட்டும் உன் கட்டுரைக்கு நன்றி. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டார்கள். கடைக்காரர்களின் பெயரை எழுத்துப் பிசகாமல் படத்தின் கீழே சேர்ப்பது என் வேலை. ஒரு பெயர் விட்டுப்போனாலும் முதலாளி சும்மா விட மாட்டார். உன் கைடிடம் பேச வேண்டாம். எனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே விண்ணப்பித்துக்கொள்கிறேன். உன்னிடம் யோசனை கேட்க மாட்டேன்.

அன்பும் பொறுமையும் தந்ததாக எழுதியிருக்கிறாய். நான் உனக்குத் தந்தது அது இல்லை. என் பாதுகாப்புக்காகப் பெயரை எடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய். ஊரில் என் பெயர் எல்லார் வாயிலும் இருக்கிறது. உன் கட்டுரையில் மட்டும்தான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து நான் கொண்டுவந்த முதல் பக்கத்தை அம்மா என் பையிலிருந்து எடுத்துவிட்டாள். இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. மூன்று பெயர் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து, "இதுல அவன் பேரு எது?" என்று கேட்டாள். காட்டினேன். "ஒம் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். வேலை போய், தெருவில் பேச்சு வாங்கி, "எம் புள்ளைக ரெண்டும் எழுதுனது" என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் தலைநிமிர்ந்து நடக்கிறாள். நான் என்ன செய்வேன்? மூன்றாவது பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் உன் பெயரின் மேல் ஒரு பொட்டும் மணிகண்டராஜ் பெயரின் மேல் ஒரு பொட்டும் வைக்கிறாள். அப்பா பெயரும் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

தீபாவளிக்கு நீ வந்ததும் உன்னைப் படித்துக் காட்டச் சொல்லப்போகிறாளாம். வெள்ளைத்தாய் அத்தையையும் கருப்பணனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டுமாம். எனக்கு அதைச் சத்தமாகப் படிக்க வாய் வரவில்லை. நீ டாக்டர் பட்டம் வாங்கியவன். அம்மா விரல் வைக்கும் இடத்தில், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று நீயே படித்துக் காட்டு.

ஊ. செல்வலட்சுமி